மேடையில் வெட்டுப்படும் வாசகம்

துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பட்டம் பெறும் மாணவ மாணவியரே, இவர்களைப் படிக்கவைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

பட்டமளிப்பு விழாப் பேச்சாளர்களுக்கென்றே நேர்ந்துவிட்டது போல ஒரு நாவல் வாசகம் உண்டு. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலில் வருவது, 1929-இல் வெளிவந்தது. அடிபட்டவர்களில் பலர் அடிபட்ட இடத்திலேயே உறுதியாகிறார்கள் என்பது அதன் சாரம். கைதட்டலுக்கு இது போதும். பேச்சாளர் அங்கேயே நிறுத்திக்கொள்வார்.

ஹெமிங்வே நிறுத்தவில்லை. வளைந்துகொடுக்காதவர்களை உலகம் தீர்த்துக்கட்டிவிடும், நல்லவர் என்றோ துணிச்சல்காரர் என்றோ தயவு பார்க்காது என்று அந்தப் பத்தி மேலே போகிறது. இதை நினைப்பவன் பிரெடெரிக் ஹென்றி. இத்தாலியப் படையின் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தவன். சொந்தப் படையே சுட்டுவிடும் என்ற நிலையில் ஆற்றில் குதித்துத் தப்பியவன். ஸ்ட்ரேசா நகர ஓட்டலில் காதலி கேத்தரினோடு தங்கியிருக்கும்போது அவனுக்கு இந்த நினைப்பு வருகிறது. கடைசியில் பிரசவத்தில் குழந்தையும் பிழைக்கவில்லை, அவளும் பிழைக்கவில்லை. அவன் மழையில் நடந்து ஓட்டலுக்குத் திரும்புகிறான். அவ்வளவுதான் நாவல். உறுதி எங்கே வந்தது?

உங்களில் சிலருக்கு விழப்போகும் அடி எந்த உறுதியையும் தராமல் போகலாம். பாதி வாசகத்தைச் சொல்லி அதை மறைக்க எனக்கு மனமில்லை. எழுதியவரும் அடி அறிந்தவர்தான். 1918 ஜூலையில், 19 வயது நிரம்புமுன், செஞ்சிலுவைச் சங்க ஊழியராக இத்தாலியப் போர்முனையில் குண்டடி பட்டவர். உங்களைவிட இளையவர்!

நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக 1958-இல் 'பாரிஸ் ரிவ்யூ' நேர்காணலில் சொன்னார். 2012-இல் வந்த பதிப்பு 47 முடிவுகளை அச்சிட்டது. அவற்றில் ஒன்று நண்பர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் யோசனை: மேடைகளுக்குப் பிடித்த அந்தப் பத்தியைக் கொண்டே நாவலை முடித்துவிடலாமே என்று கடிதம் எழுதியிருந்தார். நல்ல யோசனை போலத்தான் தெரிகிறது. ஹெமிங்வே எழுதியும் பார்த்தார். ஒத்துவரவில்லை, மழைக்கே திரும்பிவிட்டார்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் கடிதத்துக்கு அடியில் ஹெமிங்வே கிறுக்கிவைத்த பதில் மிகச் சுருக்கமானது. துணைவேந்தர் அருகில் இருப்பதால் அதை இங்கே சொல்வதற்கில்லை. தேடினால் கிடைக்கும், பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.