வீட்டுக் கணினியும் அதன் களஞ்சியமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே கணினி அமைப்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் பொறியியல் பயின்றவர்கள் அல்லோம், இரயில்வே எழுத்தர். எனினும், சென்ற ஆண்டில் ஒரு கணினியை எம் கையாலேயே பூட்டினோம். அதற்குக் காரணமாயிருந்த இழப்பை முதலில் கூறிவிடுகிறோம்.

ஊரிலிருந்து வந்து எம்மோடு தங்கியிருந்த அன்னையார் பாடிய நடவுப் பாடல்களையும் தாலாட்டுகளையும் எம் மகள் பதிவு செய்து பழைய கணினியில் வைத்திருந்தாள். அன்னையார் மறைந்த சில திங்களில் அக்கணினியின் வன்தட்டும் நின்றுபோயிற்று. பதினொரு பாடல்களில் எஞ்சியவை இரண்டே. அவையும் ஊரிலுள்ள தம்பிக்கு முன்பே அனுப்பியிருந்தமையால் பிழைத்தன. கணினியில் வேறு எது கெட்டாலும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வன்தட்டில் இருந்ததை விற்கும் கடை எங்கும் இல்லை. இன்று யாம் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

இனி, உறுப்புகளைத் தெரிவு செய்வதைக் காண்போம். நம்மவருள் பலர் பெட்டியின் அழகையும் அதில் எரியும் வண்ண விளக்குகளையுமே முதலில் நோக்குகின்றனர். அது முறையன்று. கணினியால் ஆகவேண்டிய வேலை யாது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்க. பிள்ளைகளின் படிப்பு, கடிதம், வரவுசெலவுக் கணக்கு, படம் பார்த்தல் என்ற அளவில் நிற்குமாயின் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டா. படம் காட்டும் திறன் பிராசசருக்குள்ளேயே அமைந்திருந்தால் போதும். ஆனால் இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்னும் எழுத்து இருந்தால் அதில் அத்திறன் இல்லை என்று அறிக.

பிராசசரும் மதர்போர்டும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். ஏ.எம்.4 வகைக்குரிய பிராசசர் ஏ.எம்.5 பலகையில் அமராது. டி.டி.ஆர்.4 நினைவகமும் டி.டி.ஆர்.5 பலகையில் நுழையாது. வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் உள்ளது. பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பாராட்டாதீர்கள். அது பழுதானால் மற்ற உறுப்புகளையும் கெடுக்கக்கூடும். மின்சாரம் வந்து வந்து போகும் இடங்களில் யு.பி.எஸ்.ஸும் வேண்டும்.

பொருள் வாங்க அத்திபெலேயில் பேருந்தேறி, சந்தாபுரம், எலெக்ட்ரானிக் சிட்டி வழியே மார்க்கெட் சென்றால், எஸ்.பி. ரோடு எனப்படும் சதர் பத்ரப்பா ரோட்டை நடந்தே அடையலாம். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு அத்தெரு அப்படி. நாலு கடை ஏறி விலை கேளுங்கள். பில் இன்றி எதையும் வாங்காதீர்கள். பழுது வந்தால் வாரண்டிக்கு அத்தாளே சாட்சி.

இப்போது களஞ்சியத்துக்கு வருவோம். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் ஐம்பது தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்று விரலளவான எம்.2 வகை எஸ்.எஸ்.டி. அதைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்கிறது. ஆனால் எம்.2 வடிவிலேயே சாட்டா, என்.வி.எம்.இ. என இருவகை உண்டு. மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்தே வாங்கவேண்டும்.

எம் வீட்டில் இரண்டு சேமிப்பகங்கள் வைத்தோம். வேகமான எஸ்.எஸ்.டி.யில் இயக்க அமைப்பு. சுழலும் வன்தட்டில் குடும்பத்தின் பொருள்கள். விண்டோஸை நிறுவும்போது இரண்டாவதன் கம்பியைக் கழற்றிவைத்தோம். இல்லையேல், கணினி தொடங்குவதற்கான கோப்புகள் சிலவேளை அதில் சென்று அமர்ந்துவிடும். பின்னர் அதனை நீக்கினால் கணினி எழாது. தவறான தட்டை அழித்துவிடும் அபாயமும் இதனால் நீங்கிற்று.

புதிய வன்தட்டைப் பூட்டியவுடன் அது கண்ணுக்குத் தோன்றாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியில் அதனைத் துவக்க வேண்டும். அங்கே எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என இரு முறைகள் கேட்கும். முன்னது பழைய முறை. ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் ஆளமாட்டாது. ஆதலின் ஜி.பி.டி.யையே தேர்க. பிறகு பாகம் பிரித்து, ஃபார்மட் செய்து, பெயரிடலாம். 1 டெராபைட் தட்டு 931 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினந்து புறப்படாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 என்று எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவே.

நிறைவாக ஒன்று. ஒரே கணினியில் இரண்டு சேமிப்பகங்கள் இருப்பது காப்பாகாது. திருட்டும் மின்னலும் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். ஆகவே மூன்றாவது பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். எம் பிரதி, மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டு, ஊரில் தம்பி வீட்டுப் பெட்டியில் உறங்குகிறது. அந்த இரண்டு பாடல்களும் அதில் உள்ளன.

தாயகம் விட்டு வந்த நமக்கு, ஊரின் குரல் பலவும் இன்று இத்தட்டுகளில்தான் வாழ்கிறது. உங்கள் வீட்டு முதியோர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள்; பதிவு செய்த அன்றே மறுபிரதி எடுங்கள். எம் பிழை உங்கள் இல்லத்தில் நேராதிருப்பதாக!