'கடக்' என்ற சத்தம்



நம் பழைய கார் செம்மண் சாலையில் இறங்கியதும் 'கடக், கடக்' என்கிறது. "பழைய வண்டிதானே!" என்று நாம் வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுகிறோம். அதே வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறோம்.

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனிப்போம். பள்ளத்தில் விழும்போது வந்தால், சக்கரத்தைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கலாம். முன்சக்கரம் இழுக்கும் காரில், வளைவில் எண்ணெய் அழுத்தும்போது 'டக், டக்' என்று வந்தால், டிரைவ் ஷாஃப்ட் மூட்டைப் பார்க்க வேண்டும். அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண் புகும், மூட்டு தேயும். கியர் மாற்றும்போது ஒரே அடியாக வந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருக்கலாம்.

இவற்றுள் பால் ஜாயிண்ட் பொல்லாதது. அது கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும். ஸ்டீயரிங் நம் சொல் கேட்காது. ஆகவே, நாள் கடத்த வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவும் வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் "சத்தம் வருகிறது" என்பதோடு நிறுத்தாமல், எப்போது, எந்தப் பக்கம் என்றும் சொல்வோம். பழுதில்லாத சாமானை மாற்றும் வீண்செலவு குறையும். பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.