புது காருக்கு பிபிஎஃப்: முழுசாவா, முன்பக்கம் மட்டுமா?

புது கார் டெலிவரி எடுக்கும் நேரத்தில்தான் ஷோரூமில் கேட்பார்கள்: "சார், பிபிஎஃப் போட்டுடலாமா?" முழு காருக்கு லட்ச ரூபாயை ஒட்டிப் போகிற செலவு. அங்கேயே தலையாட்ட வேண்டியதில்லை.

பிபிஎஃப் என்பது பாலியூரித்தேன் படலம். தடிமன் சுமார் 200 மைக்ரான். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தாலே அதைவிடக் குறைவு. அதனால்தான் கல்லடியைத் தாங்குகிறது. செராமிக் கோட்டிங் பளபளப்புக்குத்தான், கல்லுக்கு நிற்காது. இரண்டும் ஒன்றே என்று சொல்லி விற்பவர்களும் உண்டு!

தினமும் என்.எச். 44-ல் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி போகிறவர்களுக்கு ஜல்லி டிப்பர் பின்னால் ஓட்டும் கஷ்டம் தெரியும். அடி விழுவது பம்பர், பானெட், சைடு மிரர். அவற்றுக்கு மட்டும் போடுங்கள், போதும். வாரம் ஒருமுறை மார்க்கெட் போய்வந்து பேஸ்மென்ட்டில் நிற்கிற காருக்கு எதற்கு? கீறல் விழுந்த ஒரு பேனலுக்குப் பெயின்ட் அடிப்பது அதைவிட மலிவு.

போடுவதானால் பிவிசி வேண்டாம், சீக்கிரம் மஞ்சளாகும். படலத்தை மெஷினில் வெட்டி வருகிறார்களா, கார் மேலேயே கத்தி வைக்கிறார்களா என்று கேளுங்கள். கத்தி பெயின்டில் இறங்கிவிடலாம். ரீபெயின்ட் ஆன பேனல் என்றால் உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரக்கூடும்.

இன்னொன்று, போர்வெல் தண்ணீரை வெயிலில் காயவிட்டால் படலத்திலும் வெள்ளைக் கறை படியும். கார் கழுவ வருபவரிடம் உடனே துடைக்கச் சொல்லிவிடுங்கள்.