வெட்கப்பட்டு மறைத்த வியாதி

நான் பத்தாவது வரை படித்தவள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆனா இதை இங்கே சொல்லாம வேற எங்கே சொல்றது?

என் இரண்டாவது பிரசவத்தில் கீழே கிழிந்து தையல் போட்டார்கள். அதுக்கப்புறம் வெளிக்கு வந்தால் அடக்க முடியாது. சில நாள் எனக்கே தெரியாமல் கசிந்துவிடும். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பஸ் ஏற பயம், பந்தியில் உட்கார பயம். மூணு மாசம் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை. அபராதம் கட்டினேனே தவிர காரணம் சொல்லவில்லை.

நர்சிங் படிக்கும் என் அக்கா மகள்தான், "சித்தி, இது வியாதி. உங்க தப்பு இல்ல"ன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மலத்தை அடக்குகிற தசையும், அந்தத் தசைக்கு உத்தரவு கொடுக்கிற நரம்பும் பிரசவத்தில் பழுதாகலாம் என்றார் டாக்டரம்மா. மோட்டார் நல்லா இருந்தாலும் ஒயர் சரியில்லைன்னா தண்ணி ஏறுமா? அதுபோலத்தான்.

அந்த நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டும் வைத்தியமும் இருக்கிறது. அக்கா மகள் படித்துச் சொன்னாள். 1995-ல் ஜெர்மனி டாக்டர்கள் மூன்று பேருக்கு இதைச் செய்து எழுதினார்களாம். முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புப் பக்கம் மெல்லிய கம்பி வைத்து, முதலில் சில நாள் சோதித்துப் பார்ப்பார்கள். குணம் தெரிந்தால்தான் சின்ன பேட்டரிக் கருவியைத் தோலுக்கடியில் வைப்பார்கள். அமெரிக்காவில் 2011-ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

கணுக்கால் நரம்பில் ஊசி வைத்துத் தூண்டும் இன்னொரு முறையும் உண்டு. பிரிட்டனில் 227 பேரிடம் 12 வாரம் சோதித்து 2015-ல் முடிவு சொன்னார்கள். நிஜமாகத் தூண்டியவர்களில் 100-க்கு 38 பேருக்குக் கசிவு பாதிக்குப் பாதி குறைந்தது. சும்மா பேருக்குச் செய்தவர்களிலும் 31 பேருக்குக் குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் "கரண்ட் வைத்தியம்"னு யாராவது பணம் கேட்டால் உடனே கொடுத்துடாதீங்க. எது, எதுக்குன்னு டாக்டரிடம் கேளுங்க.

எனக்கு அதுவரைக்கும் போகவில்லை. சாப்பாட்டில் மாற்றம், மாத்திரை, காற்றை அடக்குவதுபோல் தசையை இறுக்கிவிடும் பயிற்சி, இதுதான் முதலில். ஆறு மாசமாகச் செய்கிறேன். முழுசா சரியாகலை. ஆனா இன்னைக்கு பஸ்ஸில்தான் வந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம்ம கூட்டம் நடக்கிற கட்டடத்தில் கழிப்பறை எப்பவும் பூட்டியே கிடக்கு. கூட்ட நாளில் அதைத் திறந்து, தண்ணீர் வைக்கணும்னு தீர்மான நோட்டில் எழுதுங்க. கதவோரமா உட்கார்ற பெண்ணை ஏன்னு கேட்காதீங்க. கூட்டத்துக்கு வராதவளுக்கு அபராதம் போடும் முன்னாடி, ஒருத்தர் அவ வீட்டுக்குப் போய்ப் பாருங்க.