கிராம் கணக்கும் கம்பிக் கணக்கும்

ரோடு பைக் வாங்கி ஓட்டத் தொடங்கியவர்களுக்குச் சில மாதங்களில் ஓர் ஆசை வரும்: கூடவே வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒரு ஜோடி மாட்ட வேண்டும். ஆசையில் தவறில்லை. ஆனால் நல்ல சக்கரம் என்றால் எடை குறைந்த சக்கரம் என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. ஜோடி 1,900 கிராமா, 1,500 கிராமா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. 60, 65 கிலோ உடம்புக்காரருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். 95, 100 கிலோ எடையுள்ளவர் அந்தக் கணக்கைப் பார்த்துச் சக்கரம் வாங்கினால் ஏமாந்து போவார் என்பது என் வாதம். அவர் முதலில் கேட்க வேண்டியது, பின் சக்கரத்தில் எத்தனை கம்பி, அவை எவ்வளவு சீராக இறுக்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான்.

கம்பி ஏன் அறுகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். சைக்கிள் சக்கரத்தில் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டவை. நாம் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் சில கம்பிகளின் இறுக்கம் குறைகிறது. மற்ற கம்பிகளில் மாற்றம் மிகக் கொஞ்சம். அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் வெளியிட்ட ‘தி பைசைக்கிள் வீல்’ என்ற புத்தகத்தில் இதைக் கணக்கிட்டே காட்டியிருக்கிறார். ஆக, சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 475 சுற்று, 5,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 24 லட்சம் சுற்று. ஓட்டுபவரின் எடை கூடக் கூட ஒவ்வொரு தளர்வும் பெரிதாகிறது. கம்பிகளின் எண்ணிக்கை குறைந்தாலும் அதேதான், இருக்கிற கம்பிகள்தானே அத்தனையையும் ஏற்க வேண்டும்? உலோகம் இப்படி மெல்ல மெல்லச் சோர்ந்து, ஹப்போடு சேரும் வளைவில் விண்டுபோகிறது. நல்ல சாலையில் போகும்போது திடீரென்று கம்பி அறுந்தால் நேற்று இறங்கிய பள்ளத்தைத் திட்டுகிறோம். பெரும்பாலும் பள்ளத்தின் மேல் தப்பில்லை.

நம் ஊர்ச் சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பிரிட்டிஷ் சைக்கிள்களிலிருந்து வந்த வழக்கம் இது. நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. அப்படி இரண்டைக் கேரியரின் இருபுறமும் தொங்கவிட்டு, ஆளும் ஏறி மிதித்தால், எடையில் பெரும்பகுதி அந்த 40 கம்பிகள் மேல்தான். ரிம்மும் அகலம், டயரும் அகலம் என்பது உண்மை. அதோடு, பலர் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம். அதனால் ஹப்பின் இரு பக்கக் கம்பிகளும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் நிற்கின்றன, ஒரே அளவு இறுகுகின்றன. ரோடு பைக்கில் 11 அல்லது 12 பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளப்படுகிறது. வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய நேராக நிற்க, இடப்பக்கக் கம்பிகள் நன்றாகச் சாய்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால், இடப்பக்கத்தை வலப்பக்கத்தில் பாதியளவுக்குத்தான் இறுக்க முடியும். கனமானவர் உட்காரும்போது அந்த அரைகுறை இறுக்கமும் போய்விடுகிறது. கம்பியை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிள் தானாகச் சுழன்று கழல்கிறது, சக்கரம் கோட்டமாகிறது, அடுத்து அந்தப் பக்கக் கம்பிகளே அறுகின்றன. கம்பித் துளைகளை நடுவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போட்ட ரிம்கள் கிடைக்கின்றன. அவை இந்தக் கோளாறைக் கணிசமாகக் குறைக்கும். 400 கிராம் குறைப்பதற்குக் கொடுக்கும் பணத்தில் இதை வாங்கலாம்.

மலையேறும்போது எடை முக்கியமில்லையா என்பார்கள். முக்கியம்தான், ஆனால் எவ்வளவு? 100 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள், ஆக 110 கிலோ. அதில் 400 கிராம் என்பது 0.4 சதவீதம்கூட இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற அவருக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது அரை நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்பதும் ஓரளவு சரி. ஆனால் அது வேகம் கூட்டும் நொடிகளுக்கு மட்டுமே, சீராக ஏறும்போது அது எடுபடாது. மறுபக்கம், 24 கம்பிகளை 32 ஆக்கினால் கூடும் எடை நிப்பிளோடு சேர்த்து 60 கிராமை ஒட்டித்தான் வரும். அது ஒரு பெரிய மிடறு தண்ணீர்.

கார்பன் ரிம்மை முன்வைத்துச் சொல்லப்படும் மறுப்பில் கூடுதல் வலு இருக்கிறது. உயரமான கார்பன் ரிம் விறைப்பானது, பாரத்தை அதிகக் கம்பிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும், ஆகவே கம்பி குறைந்தாலும் தாங்கும் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். காற்றையும் அது நன்றாகக் கிழிக்கும். எடையைவிட அந்த ஆதாயத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆனால் 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் ரிம் ஒரு பக்கமாக இழுபட்டு ஃபிரேமில் உரசக்கூடும், பயணம் அங்கேயே நின்றுவிடும். 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் மெதுவாகவாவது வீடு வந்து சேரலாம். பிரவே எனப்படும் 200, 300 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டங்களுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ரிம் பிரேக் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை. எடைக்கேற்ப இறக்கத்தில் பிறக்கும் சூடும் கூடும், கார்பனைப் பிணைக்கும் பிசின் அந்தச் சூட்டில் இளகலாம். அவருக்கு அலுமினியமே நல்லது. “முதலில் உடம்பைக் குறையுங்களேன்” என்று சொல்பவர்களும் உண்டு. குறைத்த பிறகு மிதிக்கலாம் என்பது, மிதித்துக் குறைக்க வந்தவரிடம் சொல்லும் பேச்சல்ல.

வாங்கும்போது எடை வரம்பைப் பாருங்கள். அது ஆளின் எடையா, சைக்கிளும் பையும் சேர்ந்த மொத்த எடையா என்று கேளுங்கள். 120 கிலோ என்பது மொத்த எடையானால், 105 கிலோ ஆள் சைக்கிளோடும் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளோடும் விளிம்புக்கு வந்துவிடுகிறார். ஓரத்தில் கொக்கி இல்லாத ரிம் இப்போது பரவலாகி வருகிறது. அதில் 5 பார், அதாவது சுமார் 73 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கக் கூடாது. 28 மில்லிமீட்டர் டயர் போடும் கனமானவருக்கு அந்தக் காற்று பெரும்பாலும் போதாது. ஃபிரேமில் இடமிருந்தால் 32 மில்லிமீட்டருக்குப் போங்கள், இல்லையென்றால் கொக்கி உள்ள ரிம்மாகப் பார்த்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், பின்னால் 32, முன்னால் 28, நடுப்பகுதி மெலிந்த பட்டட் கம்பி, பித்தளை நிப்பிள் என்று சொல்லிக் கையால் கோக்க வைப்பதே நல்லது. மெலிந்த கம்பி எப்படித் தாங்கும் என்று தோன்றும். அது கொஞ்சம் நீண்டு கொடுப்பதால், முழுக்கத் தளர்ந்துவிடாமல் நிற்கிறது. வளைவில் ஏறும் சோர்வும் குறைகிறது. கோட்டம் எடுப்பதோடு நிறுத்தாமல், இறுக்கத்தை அளக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள். கோத்து முடித்ததும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தி அவற்றைப் படிய வைக்கிறாரா என்றும் பாருங்கள். முதல் 300 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பக் கொண்டுபோய், குறிப்பாக இடப்பக்கக் கம்பிகளைச் சரிபார்த்து வாங்குங்கள்.