விளம்பரத்தில் உள்ள சொல்

பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் ரெஸ்யூமேயை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான். நிறுவனம் கேட்ட சொல் இருக்கிறதா என்று அது தேடும். இல்லையென்றால் விண்ணப்பம் அடியில் போய்விடும்.

இதைப் பற்றி 2021-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சர் நிறுவனமும் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய ஒரு சம்பவம் மனதை உறுத்துகிறது. அமெரிக்காவில் சில மருத்துவமனைகளுக்குத் தேவைப்பட்டவர்கள், நோயாளியின் விவரங்களைக் கணினியில் பதியத் தெரிந்த நர்ஸ்கள். ஆனால் மென்பொருளைத் தேடச் சொன்னதோ 'கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற சொல்லை! படுக்கையருகே நின்று நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸின் ரெஸ்யூமேயில் அந்தச் சொல் எப்படி இருக்கும்? வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தவர்களையும் பல நிறுவனங்கள் இப்படியே கழித்துவிட்டன. பிள்ளைப்பேறு, உடல்நலக்குறைவு என்று காரணம் எதுவானாலும் சரி.

ஆகவே வேலை விளம்பரத்தை இரண்டு முறை நிதானமாகப் படிப்பது நல்லது. ஐந்து வருடம் கடைக் கணக்கு பார்த்த ஒருவர் 'கணக்கு வேலை' என்று மட்டும் எழுதியிருப்பார். விளம்பரம் கேட்பது 'டேலி', 'ஜிஎஸ்டி ரிட்டர்ன்'. இரண்டிலும் அவர் வேலை செய்து பழகியவர்தான். அப்படியானால் அதே சொற்களை, எந்தக் கடையில், எத்தனை வருடம் என்பதோடு சேர்த்து எழுதலாம். தெரியாததை எழுதக் கூடாது. நேர்காணலில் டேலியைத் திறந்து ஒரு பில்லைப் பதியச் சொல்லக்கூடும்.