உணர்விழந்த கையும் நன்றியிழந்த மனமும்

(நமது மருத்துவமனையின் நண்பர்கள் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னையிலிருந்து ரயிலில் வருகிற வெளியூரார், ஆம்பூரை நெருங்கும்போது கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "என்ன வாடை இது?" என்று அவர்கள் கேட்பார்கள். "என்ன வாடை?" என்று நாம் திருப்பிக் கேட்போம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தோல் பதனிடும் வாடை ஒரு வாடையாகவே தெரிவதில்லை. நாள் முழுவதும் ஒரே வாசனையில் இருக்கும் மூக்கு, சற்று நேரத்தில் அதைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. ஆண்டவர் நம் உடலை அப்படி அமைத்திருக்கிறார். இது கிருபைதான். இல்லாவிட்டால் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று உழைக்கும் மனிதன் ஒருவேளை உணவைக்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

ஆனால் பூக்கட்டுகிற அம்மாளுக்கும் இதேதான் நடக்கிறது. மடி நிறைய மல்லிகை இருந்தும் அதன் மணம் அவருக்குத் தெரிவதில்லை. கெட்ட வாடையை மறக்கச் செய்கிற அதே பழக்கம், நல்ல வாசனையையும் மறக்கச் செய்துவிடுகிறது. இன்று இதைக் குறித்துத்தான் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். நம் வீட்டில் தினமும் நம்மோடு இருக்கிறவர்களை நாம் எப்படி உணராமல் போகிறோம்? உணராமல் போனால் என்ன நேரிடும்?

என்ன நேரிடும் என்பதற்கு நம் வேலூரிலேயே ஒரு பாடம் உண்டு. டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அந்நாட்களில் தொழுநோய் கண்டவர்களின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். அவரும் அவரோடு உழைத்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வேலைகளைப் பொறுமையாகக் கவனித்தார்கள். கிருமி நரம்பைத் தாக்குகிறது, கை மரத்துப்போகிறது. அடுப்பிலிருக்கும் சட்டி சுடுவது தெரியாமல் அதைத் தூக்குகிறார்கள். ஆணி குத்தியது தெரியாமல் அதே காலில் நடக்கிறார்கள். விரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம் இந்தக் காயங்களே என்று கண்டார்கள்.

1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்து, அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அங்கும் சிலருடைய விரல்களில் இரவோடு இரவாகப் புதிய புண்கள் தோன்றின. பகலில் ஒரு காயமும் பட்டிருக்காது. விழித்திருந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. தூங்குகிறவனின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது, அவனுக்கோ தெரியவில்லை. அதற்குப் பிறகு அங்கே பூனை வளர்க்கத் தொடங்கினார்கள்.

அன்பானவர்களே, கை மரத்துப்போனவன் வலியை மட்டும் இழக்கவில்லை. தன் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாலும் அதன் மென்மை அவனுக்குத் தெரியாது. கையில் இருப்பது நழுவுகிறதா என்பதும் தெரியாது. நன்றி மரத்துப்போன மனமும் இப்படிப்பட்டதே. கையில் எல்லாம் இருக்கும், இருப்பது தெரியாது. தேய்ந்துகொண்டே வரும், தேய்வதும் தெரியாது.

வார்டில் நான் கண்ட ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர், தன் மனைவியை அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்திருந்தார். திருமணமாகி இருபத்துநான்கு ஆண்டுகள் ஆனவர்கள். சிகிச்சை முடிந்து உணவு கொடுக்கலாம் என்ற நிலை வந்தபோது நர்ஸ் அவரிடம், "அண்ணா, அக்காவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அவர் உடனே, "அவளுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல சிஸ்டர். நாங்க சாப்பிட்டு மிச்சம் இருக்கிறதைச் சாப்பிடுவா" என்றார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்ட அந்த மனிதர், அதற்குமேல் பேச முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை அவர் மனைவியிடமே கேட்டார். அந்த அம்மாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "எனக்கே மறந்துபோச்சு" என்றார். பிறகு, "எங்க அம்மா வீட்டுல கேழ்வரகு களியும் கருவாட்டுக் குழம்பும் செய்வாங்க" என்றார். சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அவர் என்னைத் தேடி வந்து, "ஐயா, நானே களி கிண்டினேன். கட்டி கட்டியா இருந்துச்சு. ஆனா முழுசும் சாப்பிட்டா" என்றார். அன்று அவர் முகத்தில் கண்ட சந்தோஷத்தைச் சம்பள உயர்வு கிடைத்தவர்களின் முகத்திலும் நான் கண்டதில்லை.

அவர் கெட்ட மனிதர் அல்ல. குடிப்பவர் அல்ல; சம்பளத்தை வீட்டில் கொடுப்பவர். மரத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். நோய் வந்தது, கை உணர்ந்தது. நோய் வராமலே உணர்ந்திருக்க முடியுமே என்பதுதான் என் கேள்வி. இதற்கு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பாருங்கள். உணர்விழந்த கைகால் உடையவர்களுக்கு வேலூரிலும் கரிகிரியிலும் மருத்துவர்கள் கற்றுக்கொடுக்கும் ஓர் எளிய பழக்கம் உண்டு. தினமும் உள்ளங்கைகளையும் பாதங்களையும் ஒவ்வொரு விரலாகக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். சிவப்பு இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று தேட வேண்டும். உணர்வு செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும். இதே சோதனையை நம் வீட்டுக்கும் செய்யலாம். விடியுமுன் கம்பெனி வண்டியைப் பிடிக்க வேண்டிய மகள், அதற்கும் முன்னால் எழுந்து அடுப்பு பற்றவைத்தாளே, அவள் கண் சிவந்திருக்கிறதா? டிபன் கேரியரை மூன்று பேருக்குக் கட்டிய மனைவி தனக்கு என்ன எடுத்துக்கொண்டாள்? திண்ணையில் இருக்கும் அப்பா இன்று மாத்திரை போட்டாரா? படுக்குமுன் ஐந்து நிமிடம் போதும். தானாக வராத உணர்வைத் தேடிப் பெறலாம்.

இரண்டாவது, சொல்லுங்கள். டாக்டர் பிராண்ட் அவர்களின் சிறுவயதில் நடந்த ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், படிப்புக்காக அவரை இங்கிலாந்தில் விட்டார்கள். பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். கடிதங்கள் கப்பலில் வந்து சேர வாரக்கணக்காகும். 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சல் கண்டு மலையிலேயே மரித்துப்போனார். தந்தி சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. தகப்பனார் உயிரோடிருந்தபோது எழுதி அனுப்பிய கடிதமோ அதற்குப் பிறகுதான் மகனுடைய கைக்குக் கிடைத்தது. அப்பா இல்லை; அப்பாவின் அன்பான சொல் மட்டும் கடல் கடந்து வந்துகொண்டிருந்தது.

அந்தத் தகப்பன் தன் அன்பை எழுதி அனுப்பியிருந்தார் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் மகனுக்கு ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்கிறார்கள். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முகம் பார்த்தே பேசுகிறோம். ஆனால் என்ன பேசுகிறோம்? "பணம் வந்துச்சா?" "வந்துச்சு." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அவ்வளவில் முடிந்துவிடுகிறது. "நீ இருப்பதால்தான் இந்த வீடு நிற்கிறது" என்று ஒரு தகப்பன் மகனிடம் சொல்வதற்குக் கூச்சப்படுகிறான். அந்தச் சொல்லை ஐ.சி.யு. வாசலில், கேட்கும் நிலையில் இல்லாதவர்களிடம் பலர் சொல்லி அழுவதை நான் ஆண்டாண்டுகளாகக் கேட்டு வருகிறேன். கேட்கும் காது இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கூட இருங்கள். மனநோய் கண்டவர்களைக் குடும்பத்தைவிட்டுப் பிரித்து, உயர்ந்த மதில்களுக்குள் வைப்பதே ஒரு காலத்தில் எங்கும் வழக்கமாயிருந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் அவர்கள் வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு, நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957ஆம் ஆண்டு பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும், குடும்பத்தார் நோயாளியோடு தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை ஏற்பட்டது. அவர்கள் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டார்கள். நோயாளி வீடு திரும்பியபோது வீடும் அவருக்காக ஆயத்தமாயிருந்தது. உடனிருக்கும் ஒரு மனிதர் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை இந்தியா உலகத்துக்குக் காட்டிய ஒரு முறை அது. மருந்து வாங்கக் காசில்லாதவரும் கட்டிலருகே பாயை விரித்துப் படுக்கும்போது ஒரு சிகிச்சையைத் தந்துகொண்டிருக்கிறார்.

குடும்பம் என்று ஒன்று இல்லாதவர்களும் இங்கே இருக்கலாம். நவஜீவ நிலையத்துக்கு வந்தவர்களில் பலரை ஊரும் உறவும் தள்ளியிருந்தன. அவர்கள் ஒருவருக்கொருவர் சகோதரராகி, ஒருவன் கைக்கு மற்றவன் கண்ணாக வாழ்ந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் உறவாக முடியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். போதுமென்ற மனது நல்லது என்று பிரசங்கிப்பது எளிது. அதைப் பசித்தவனிடம் போய்ச் சொல்லுவது கொடுமை. கூலி போதாதவன் கூலி கேட்க வேண்டும். அடி வாங்கும் மனைவி, "இதுதான் என் குடும்பம், இதில் திருப்தியாயிரு" என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. அவள் உதவி தேட வேண்டும். வலியை உணராத கை அழிந்துபோகும் என்றல்லவா பார்த்தோம்? வலி தெரிவதும் ஆண்டவர் தந்த ஈவு. போதுமென்ற மனது மரத்துப்போன மனது அல்ல. அது நன்மையையும் தீமையையும் நன்றாக உணர்கிற மனது.

பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைப் பாருங்கள். எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கத் தான் கற்றுக்கொண்டதை அவர் காவலில் இருக்கும்போதுதான் எழுதுகிறார். அவருக்கும் அது பிறப்பிலேயே வந்த குணமல்ல, கற்ற பாடம். அதே நிருபத்தில், அந்தச் சபையார் அனுப்பிய உதவிக்காக மிகவும் மகிழ்ந்து நன்றி சொல்லுகிறார். அந்த உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து என்பவர், பவுலுக்குப் பணிவிடை செய்ய வந்த இடத்தில் தானே வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். அவர் பிழைத்ததைப் பவுல் தனக்குக் கிடைத்த இரக்கமாகவே எண்ணுகிறார். போதுமென்றிருந்த அந்த மனிதர், கூட இருந்த ஒருவரை இழந்துவிடுவோமோ என்று தவித்திருக்கிறார். திருப்தியும் தவிப்பும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

நண்பர்களே, நீங்கள் தரும் உதவியால் ஒரு தாய் சீக்கிரம் குணமடைந்து வீட்டுக்குப் போகிறாள். போகும் வீட்டில் அவளை ஒருவர் பார்க்கிறார், அவளோடு பேசுகிறார், அவள் அருகில் உட்காருகிறார் என்றால் அந்த உதவி முழுமை பெறும். அதை மருத்துவமனை செய்ய முடியாது. பணமும் செய்ய முடியாது. அது வீட்டாருடைய பங்கு. உங்கள் வீட்டில் உங்களுடைய பங்கு.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, பரிமாறுகிறவரைப் பார்த்து, "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். தெரியாவிட்டால் காத்திருந்து கேளுங்கள். சிலருக்கு அது நினைவுக்கு வரச் சற்று நேரமாகும்.

ஆண்டவர் உங்கள் வீட்டாரையும், தனித்திருக்கிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக.